மூணு நட்சத்திரம்

பலவேசம் கைக்கு ஒன்றாக இரண்டு தேங்காயை எடுத்து ஒன்றோடொன்று முட்டினார். கணீரென்று கேட்டால் வலப்பக்கம். சத்தம் கொஞ்சம் இறங்கினால் முன்பக்கம். பொத்தென்று கேட்டால் இடப்பக்கம், கழிவுக் குவியல். செங்கோட்டை சாலையில் இருக்கிற அந்தத் தேங்காய் மண்டியில் முப்பத்தெட்டு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற லாரியில் ஏறும் ஒவ்வொரு காயும் அவர் காதைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.

முதல் ரகம் என்று அவர் வாயிலிருந்து லேசில் வராது. நூறு காயில் பத்து தேறினால் பெரிய விஷயம். மிச்சம் ரெண்டாம் ரகம். அது நல்ல காய்தான், கறிக்கு ஆகும், சட்னிக்கு ஆகும், யாரும் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் ரெண்டாம் ரகம். லோடு ஏற்றுகிற பாண்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்: "அண்ணாச்சி பெத்த மகனையே ரெண்டாம் ரகம்னுதாம்வே சொல்லுவாரு." பலவேசம் காயிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வார்: "அவன் ரெண்டாம் ரகம்தாம்லே. முதல் ரகமா இருந்தா குவைத்துல போயி எவன் வீட்டு ஏசியவோ தொடச்சிக்கிட்டு இருப்பானா?"

அன்றைக்கு முதலாளி மகன் விஜயசங்கர் ஆபீஸ் அறையிலிருந்து போனும் கையுமாக வெளியே வந்தான். இன்ஜினியருக்குப் படித்துவிட்டு ஒரு வருஷமாகக் குடுமித் தேங்காயை அட்டைப்பெட்டியில் அடைத்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனிலேயே விற்கிறான். முகம் செத்துப்போயிருந்தது. யாரோ ஒரு அம்மா பதினைந்து காய் வாங்கி, ஒன்றில் குடுமி பிய்ந்திருந்தது என்று மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறாளாம். காலையிலிருந்து ஒரு ஆர்டர்கூட வரவில்லையாம். போனில் தேடினால் கடைசியில் வருகிற மாதிரிக் கடையைக் கீழே தள்ளிவிட்டான்களாம்.

பலவேசத்துக்கு விளங்கவில்லை. அஞ்சுக்கு மூணு என்றால் பாதிக்கு மேலே. அவர் மூணாம் வகுப்போடு நின்றவர். அந்தக் காலத்தில் அஞ்சுக்கு மூணு வாங்கினவன் பாஸ். "மூணு நல்லதுதான தம்பி? பதினஞ்சுல ஒண்ணு பழுதுன்னா நானும் மூணுதான் போடுவேன். ரத்தம் எடுக்க வார பிள்ளைக்குக்கூடப் போன வாரம் மூணுதான் போட்டேன்."

விஜயசங்கர் அவரை நிமிர்ந்து பார்த்தான். "எதுக்கு அண்ணாச்சி அப்படிச் செஞ்சிய? நம்மள மாதிரி கணக்கெல்லாம் அவனுகளுக்குக் கிடையாது. அஞ்சு ஒண்ணுதான் காயி. அஞ்சுக்குக் கீழ எல்லாமே கழிவு."

அடுத்து எடுத்த ரெண்டு காயையும் பலவேசம் முட்டவில்லை. மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவருக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷமாகிறது. மகன் சுடலைமுத்து குவைத்திலிருந்தே போனில் பதிந்துவிடுவான். மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகும். ஏழு மாசமாக வந்தது ரூபி. இலஞ்சிக்காரி, முப்பது வயசிருக்கும், நீலப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வருவாள். ஆஸ்பத்திரியில் நாலு பேர் குத்திக் குத்தித் தேடின நரம்பை அவள் வலது கையில் ரெண்டு விரலால் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்தாள். ஒரே குத்து. எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. அந்தத் தட்டல் அவருக்குப் பிடித்திருந்தது. தொழில் தெரிந்தவள் தட்டுகிற தட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு வரவேண்டியவள் ஏழேகால் கழித்துத்தான் வந்தாள். பலவேசம் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார். காப்பித்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. ரூபி சாரலில் தொப்பலாக நனைந்து வந்து நின்று, "சாரி தாத்தா" என்றாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை, கையை நீட்டினார். ஒரே குத்து. அவள் போன பிறகு போன் கிணுங்கியது. ஆள் வந்து போனதும் கம்பெனி கேட்கிற கேள்வியெல்லாம் அதுவரைக்கும் மகன் போனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டு நம்பரில் ஏதோ சிக்கல் என்று அந்த மாசம்தான் அப்பா நம்பருக்கு மாற்றிவிட்டிருந்தான்.

'ரூபியின் சேவை எப்படி இருந்தது?' என்று தமிழில் கேட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். அறுபத்தெட்டு வயசுவரைக்கும் எந்தக் கம்பெனிக்காரனும் அவரிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக யோசித்தார். அஞ்சு யாருக்கும் கிடையாது. அஞ்சு போட்டால் காசைக் கூட்டிவிடுவான்கள், கம்பெனிக்காரனை நம்ப முடியாது. நாலு போடலாம், ஆனால் பிள்ளை லேட்டு. லேட்டு லேட்டுதான். மூணைத் தொட்டார். 'என்ன குறை?' என்று கேட்டது. 'தாமதம்' என்ற கட்டத்தையும் தொட்டார். உள்ளதைச் சொன்ன திருப்தியில் ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

அந்த ரெண்டு இட்லியைத்தான் இப்போது மண்டியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு மூணு நட்சத்திரம் ஒருத்தியை என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். மனைவி ஆவுடைத்தாய், "பாயில முள்ளா கெடக்கு?" என்று கேட்டாள். நாலாம் நாள் மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, குவியலிலிருந்து முட்டி முட்டி ஆறு முதல் ரகக் காயைப் பொறுக்கினார். அதற்கான துட்டை விஜயசங்கரிடம் கொடுத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இலஞ்சி பஸ்ஸில் ஏறினார். சர்ச்சுக்குப் பின்னால் வீடு என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள்.

ஸ்கூட்டர் வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. தார்ப்பாய்க்கு மேலே சீட்டில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. உள்ளே ரூபி தரையில் கால் நீட்டி, குற்றாலத்து அல்வாக் கடைக்கு அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். முதுகுப்பக்கம் கூரை உயரத்துக்குப் பெட்டிகள். ரத்தக்குழாய் வைக்கிற நீலப் பெட்டி பக்கத்தில் திறந்து கிடந்தது. அதற்குள் பசைக் கிண்ணம்.

"தாத்தா!" என்று எழுந்தாள். "நீங்க எங்க இங்கன?" அவர் வந்த காரணத்தைக் கேட்காமல் அவளே ஒரு காரணம் வைத்துக்கொண்டாள், கேள்விப்பட்டு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று. அது அவள் முகத்தில் தெரிந்தது. சர்க்கரை போடாமல் காப்பி போட்டுக் கொடுத்தாள். தேங்காயைப் பார்த்து, இதெல்லாம் எதுக்கு என்றாள்.

பெட்டி மடித்தபடியே நடந்ததைச் சொன்னாள். அவள் நட்சத்திரக் கணக்கு அஞ்சுக்கு நாலரைப் புள்ளியில் நின்றதாம். அதற்குக் கீழே ஒரு நூல் இறங்கினாலும் ஐ.டி.யைப் பூட்டிவிடுவார்களாம். அந்த ஞாயிறு ரெண்டு மணி நேரத்தில் எட்டு வீடு. போன் காட்டுகிற வழியில்தான் போக வேண்டும். சீசன் கூட்டத்துக்குப் போலீஸ் குற்றாலம் ரோட்டை மறித்து எல்லா வண்டியையும் சுற்றி விட்டது போனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஒரே ஒரு மூணு விழுந்தது, தாமதம் என்று. மறுநாள் காலையில் போனைத் திறந்தால் அவள் பேரே இல்லை. ஆபீஸ் என்று ஒன்று தென்காசியில் கிடையாது. மதுரைக்குப் போய் மூன்று நாள் திரும்பப் பயிற்சி எடுத்தால் திறந்துவிடலாம் என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. வர்ற மாசம் கூப்பிடுவார்களாம். ஊரில் இருக்கிற லேப்களும் இப்போது அதே கம்பெனியிடம்தான் ஆள் எடுக்கிறார்கள். அவள் புருசன் ஏசுதாசன் கொல்லத்துப் பக்கம் கொத்து வேலைக்குப் போகிறவன். அங்கே மழை விட்டால்தான் வேலை.

"யாருன்னு தெரியுமா பிள்ள?" என்று கேட்டார் பலவேசம்.

"பேரு காட்ட மாட்டான் தாத்தா. எனக்குத் தெரியும். ஐந்தருவி ரோட்டு லாட்ஜ்ல ஒருத்தன். லேட்டுன்னு வாசல்லயே நிக்க வச்சுக் கத்துனான். அவனுக்காவும் ஜெபம் பண்ணுன்னு பாஸ்டர் சொல்லுதாரு. எனக்கு வாய் வரல." ஒரு பெட்டியின் விளிம்பை நகத்தால் அழுத்தி மடித்தாள். "அவன் கை வெளங்குமான்னுதான் கேட்டேன்."

பலவேசம் காப்பி டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தார். தெரு முனை வரைக்கும் கூடவே வந்து, குடை இல்லையா தாத்தா என்று கேட்டுவிட்டுத்தான் அவள் திரும்பினாள்.

மறுநாள் விஜயசங்கரைப் பிடித்தார். போட்ட மூணை அழித்து அஞ்சாக்கித் தா என்றார். அவன் அவர் போனை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, ரெண்டு நாளுக்குள் என்றால் மாற்றலாம், இப்போது பூட்டிவிட்டான் என்றான். "பூட்டுனவன்ட்ட பேசணும். அவன் எங்கன இருக்கான்?" என்று பலவேசம் விடாமல் நின்றதில், கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

ஒரு பெண் குரல் வந்தது. வணக்கம் சொன்னது, தன் பேர் மலர் என்றது, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தமான தமிழ். பலவேசம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"ஆளு இல்ல அண்ணாச்சி, மிஷினு" என்றான் விஜயசங்கர் மெதுவாக. "ஆனா நீங்க பேசுதது அதுக்குப் புரியும். பேசுங்க."

மிஷினோ மனுசியோ, காது என்று ஒன்று இருக்கிறதே என்று பலவேசம் எல்லாவற்றையும் சொன்னார். ரூபி என்கிற பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை. முக்கால் மணி நேரம் லேட்டு. குற்றாலம் ரோட்டைப் போலீஸ் மறித்துவிட்டான், அது பிள்ளை குற்றம் இல்லை. அதன் கை தங்கமான கை. நான் தெரியாமல் போட்டுவிட்டேன். பிள்ளையை வேலைக்கு விடுங்கள். மூச்சு வாங்கப் பேசி முடித்தார். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம் என்றது குரல். ரூபி அவர்களின் தாமதம் குறித்து உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்றது. அவர் இல்லை தாயி, நடவடிக்கை வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நன்றி சொல்லி வைத்துவிட்டது.

ஒரு நிமிஷத்தில் மெசேஜ் வந்தது. விஜயசங்கர் படித்தான். படித்துவிட்டுப் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்னலே போட்டிருக்கு? படி."

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. ஊழியர் ரூபி. காரணம் தாமதம்." போனை அணைத்து அவர் கையில் கொடுத்தான். "அதுக்குப் புகார் மட்டுந்தான் தெரியும் போல அண்ணாச்சி. நல்லது சொன்னா வாங்கி வைக்கதுக்கு அதுட்ட இடமே இல்ல."

அன்றைக்கு அவர் பிரித்த லோடில் நாலு அழுகல் காய் முதல் ரகத்தோடு ஏறிவிட்டது. கொல்லத்திலிருந்து வியாபாரி பரீது போன் போட்டுச் சிரித்தார். பலவேசத்துக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாலு காயைக் கழித்துக்கொண்டார், அடுத்த லோடுக்குச் சொன்னார். முப்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம்.

ரெண்டு நாள் கழித்து மறுபடியும் இலஞ்சிக்குப் போனார். இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லை. ரூபி எழுந்திருக்காமலே வாங்க என்றாள். கண் வீங்கியிருந்தது. போனை அவர் பக்கம் நகர்த்தினாள். "இன்னொரு புகாரு வந்திருக்கு தாத்தா. இனிமே மதுரையும் கிடையாது. மொத்தமா முடிச்சுட்டான். ஒரே நாளு லேட்டுக்கு எவனாவது ரெண்டு வாட்டி எழுதுவானா? நான் அப்படி யாருக்கு என்ன செஞ்சேன்?"

"நாந்தான் பிள்ள."

அவளுக்குப் புரியவில்லை.

"லாட்ஜ்காரன் இல்ல. மூணு போட்டது நான். இது, உனக்கு நல்லது சொல்லப் போயி இப்படி ஆச்சு. ரெண்டும் நாந்தான்."

பசை தொட்ட விரல் அட்டைமேல் அப்படியே நின்றது. வெளியே கோழி ஸ்கூட்டர் சீட்டிலிருந்து குதிக்கிற சத்தம் கேட்டது. பலவேசம் நின்றுகொண்டே சொன்னார், மூணு என்றால் நல்லது என்று நினைத்தேன், மண்டியில் நான் யாருக்கும் முழுசு கொடுத்ததில்லை, உன் கையில் குறை சொல்லவில்லை, லேட்டைத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது ஒவ்வொன்றும் தனக்கே பொத்தென்று கேட்டது. நடுவில் நிறுத்திவிட்டார்.

ரூபி பெட்டியைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. "நனைஞ்சுக்கிட்டு வந்து உங்க முன்னால நின்னேன்லா. ஏம் பிள்ள லேட்டுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எங்கிட்டக் கேக்காம போன்ட்ட சொல்லியிருக்கிய."

அவள் திரும்பவும் மடிக்கத் தொடங்கினாள். விளிம்பு, மூலை, பசை. இருபது பெட்டி அடுக்குகிற நேரம் நின்றுவிட்டு அவர் வாசலுக்குத் திரும்பினார். செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடுத்து வாரவன்ட்ட எடது கைய நீட்டாதிய. அதுல நரம்பு வழுக்கி ஓடும். வலது கைதான்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு வரவேண்டிய ஆள் ஏழரைக்கு வந்தது. புவனேஷ் என்று ஒரு பையன், கடையநல்லூர்ப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து பத்து நாளாகிறதாம். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து பெட்டியைத் திறந்தான். சட்டைக் காலர் வேர்வையில் ஒட்டியிருந்தது. "எந்த வழியா வந்தே? ரோட்ட மறிச்சிருக்கானா?" என்று பலவேசம் கேட்டார். ஆமா தாத்தா என்றான். இன்னும் ஆறு வீடு பாக்கி என்றான்.

பலவேசம் சட்டைக் கையைச் சுருட்டி இடது கையை நீட்டினார்.

"அந்தப் பிள்ள வலது கையிலதான எடுக்கும்?" என்றாள் ஆவுடைத்தாய் அடுப்படியிலிருந்து.

"நீ சும்மா இரு."

முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. ஊசியை உள்ளேயே வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினான். வெளியே எடுத்து வேறு இடத்தில் குத்தினான். தோலுக்கடியில் உருண்டையாக வீங்கியது. மூன்றாவதாகப் புறங்கையில் குத்தினான். அவன் விரல் நடுங்குவது ஊசி வழியாக அவருக்குத் தெரிந்தது. ஆவுடைத்தாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கன்னுக்குட்டிக்கு ஊசி போடுத மாதிரிப் போடுத" என்றாள். பலவேசம் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நாலாவது குத்தில் குழாய் மெதுவாக நிறைந்தது.

புவனேஷ் பஞ்சை வைத்து அழுத்திவிட்டுப் பெட்டியை மூடினான். மூடிய பிறகும் போகவில்லை. வாசற்படியில் நின்று அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா… அதுல ஒண்ணு கேக்கும். கொஞ்சம் பாத்து…"

போன் கிணுங்கியது. பலவேசம் கண்ணாடியை மாட்டவில்லை. எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கடைசி நட்சத்திரத்தைத் தொட்டார். அஞ்சும் மஞ்சளாக எரிந்தது. பையன் கும்பிட்டுவிட்டு ஓடினான், வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. போனுக்குள் கலர் கலராகக் காகிதப் பூ மேலிருந்து கொட்டியது. பூ கொட்டி முடிந்ததும் ஒரு வரி வந்தது. பலவேசம் பஞ்சை அழுத்தியபடி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'உங்கள் நேர்மையான கருத்துக்கு நன்றி.'

இடது கையில் ரத்தம் கட்டின நீலம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது.